கதவச் சாத்து, கண்ணு

கிரிக்கெட் இல்லீங்க. எல்லாரும் அதையேதான் கேக்கறாங்க. பந்தப் பாருங்க, மஞ்சளா, சாத்துக்குடி அளவுக்கு இருக்குது. சாஃப்ட்பால்னு பேரு. சாஃப்ட்னு பேரு வச்சவன் ஒருதாட்டி தாடையில வாங்கியிருந்தா வேற பேரு வச்சிருப்பான்.

நீங்க திண்டுக்கல் புள்ளைங்கள ஏத்திட்டு வந்த வேன் டிரைவருங்களா? அதானே பாத்தேன். இப்படி நெழலுக்கு வாங்க. சேலத்து வெயிலு ஆளப் பாக்காது. இன்னும் செத்த நேரத்துல உங்க புள்ளைங்களுக்கும் எங்க ஜில்லாவுக்கும்தான் பைனலு. பரவால்ல, உக்காருங்க. சண்டை அவங்களுக்குள்ளதான், நமக்குள்ள இல்ல.

ஆமாங்க, எம்பொண்ணும் இருக்குது. அதோ, கம்பி வலைக்கு அந்தப் பக்கம், ரெட்டை சடை, முதுகுல ஒம்பதாம் நம்பரு. சுபிக்‌ஷான்னு பேரு. பந்து போடறது அவதான்.

நான் ஏன் வெளிய நிக்கறனா? நான் மேட்ச் பாக்க வரலீங்களே. நமக்குத் தொழிலு ஷட்டரு. கடைக்கு மேலயிருந்து இழுத்துச் சாத்துவாங்களே, அந்த ரோலிங் ஷட்டரு. பவானியில பட்டறை. ஷட்டருக்கு மேல உருளையில ஸ்பிரிங்கு இருக்குமுங்க, அது இங்க சேலத்துல ஒரு கடையில நல்லதாக் கெடைக்கும். அத வாங்க வந்தேன். வழியில கிரவுண்டு இருந்துச்சு, செத்த நின்னேன். அவ்வளவுதான்.

இந்தப் பையா? ஸ்பிரிங்கு போட்டுட்டுப் போறதுக்கு. உப்பிட்டு இருக்குதுங்களா? அது சோத்துப் போசி, மத்தியானச் சாப்பாட்டுக்கு.

சரி, கேட்டுட்டீங்க. கேக்காம இருந்தா நானும் சொல்லியிருக்க மாட்டேன். உள்ள போகக் கூடாதுங்க நானு. பொண்ணு ஆடற எடத்துல, பெத்தவன், கம்பிக்கு வெளிய. அந்த நீலத் தொப்பி போட்டுட்டு விசில் ஊதறாங்க பாருங்க, சின்ன வயசு, அவங்கதான் காரணம். ஜெனிட்டா மிஸ். நாகர்கோயில் பக்கம். எங்க ஜில்லா டீமுக்குக் கோச்சு. போன வருசம்தான் வந்தாங்க. வந்தாங்க, எங்கூட்டுக் கதவக் கழட்டி வெளிய வச்சுட்டாங்க.

சொல்றேன் இருங்க. இது புரியோணும்னா மொதல்ல பந்து எப்படிப் போடறாங்கன்னு புரியோணும். கிரிக்கெட்ல கை மேலயிருந்து வருது. இதுல அப்படி வந்தா செல்லாது. கைய முழு வட்டமாச் சுத்தோணும், ராட்டினமாட்ட. சுத்திக் கீழ வந்து, இடுப்புப் பக்கத்துல கை கடக்கறப்ப பந்த விட்டுறோணும். கண்ண மூடித் தெறக்கற நேரம்கூட இல்ல. அந்த நேரத்துல இடுப்பு எந்தப் பக்கம் பாத்துட்டு இருக்குது? சண்டை அதுலதாங்க. எங்கூட்ல ஆறு மாசமா யாருக்கும் சோறு எறங்காததுக்குக் காரணம் அது. பங்காளிச் சண்டை இல்ல, வரப்புச் சண்டை இல்ல. இடுப்பு.

சிரிங்க, பரவால்ல. எங்க தெருவுல அல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு.

கை மேல போறப்ப ஒடம்பு பக்கவாட்டுல திரும்பிக்கும். கதவு தெறந்தாப்ல. அப்பறம் கை கீழ வர்றப்ப ஒடம்பும் திரும்பி, பேட் புடிச்சு நிக்கறவளுக்கு நேரா வந்துரும். கதவு சாத்துனாப்ல. இது வரைக்கும் யாருக்கும் தகராறு இல்ல. நாஞ் சொல்றது, பந்து கையவிட்டுப் போற அந்த நேரத்துல கதவு சாத்தியிருக்கோணும். ‘டக்’குனு. தாழ்ப்பாள் விழுந்தாப்ல. மிஸ் சொல்றது என்னான்னா, பாதிதான் சாத்தியிருக்கோணுமாம். பாதி தெறந்து கெடக்கோணுமாம். பந்து போனதுக்கப்பறம் அதுவே வந்து சாத்திக்குமாம்.

பாதி தெறந்த கதவு! யாருகிட்ட வந்து சொல்றாங்க? மீசை மொளைக்கறதுக்கு முன்னால இருந்து கதவு மாட்டறவன் நானு. பாதி தெறந்த கதவ எந்தக் கடைக்காரனாச்சும் வாங்குவானா? நீங்களே சொல்லுங்க, வேன் கதவப் பாதி தெறந்து வச்சுட்டா ஓட்டுவீங்க?

எறங்கறப்பவா? எறங்கறப்ப தெறந்துதானுங்க இருக்கோணும், இல்லாட்டி எப்படி எறங்கறது. அது வேற விஷயம்.

நான் படிக்காதவன் இல்லீங்க. பகல்ல வெல்டிங்கு, ராத்திரியில ஸ்கூலு. பிளஸ் டூ வரைக்கும் அப்படித்தான் முடிச்சேன். கிளாஸ்ல பாதிப் பேரு தூங்குவான், மீதிப் பேரு தூங்கறவனப் பாத்துப் பொறாமைப்படுவான். பிசிக்ஸ் வாத்தியாரு ஒருத்தரு, அந்த நேரத்துலயும் கதவத் தள்ளிக் காட்டித்தான் பாடம் எடுப்பாரு. கீல்கிட்டத் தள்ளுனா நகராது, ஓரத்துல தள்ளுனா ஒரு வெரலே போதும்னு. அப்பவே எனக்குப் புடிபட்டுப் போச்சு. ஒலகத்துல எல்லாமே கதவுதான். எது எது நல்லாச் சாத்துதோ அது அது நல்லா நிக்கும்.

இவ ஏழாங் கிளாஸ் படிக்கறப்ப பந்து போட ஆரம்பிச்சா. ஸ்கூல் பி.டி. வாத்தியாரு ஒருநா என்னைக் கூப்புட்டு, “கைவாகு இருக்குது, வூட்ல போட்டுப் பழகச் சொல்லுங்க. இடுப்பை நல்லா மூடிப் போடச் சொல்லுங்க”ன்னாரு. அவருக்கும் அதுக்கு மேல தெரியாது, அவரு கபடிக்காரரு. அது வேற விஷயம். ஆனா மூடோணும்னு ஒரு வார்த்தை சொன்னாரு பாருங்க, எனக்கு அது போதும்.

பட்டறைக்கு முன்னால ஒரு சந்து. பெயிண்டு வாளிய நாங் கவுத்துப் போட்டு ஒரு கோடியில உக்காந்துக்குவேன், அவ மறு கோடியில. கிளவுஸ் வாங்கறதுக்கு ஈரோடெல்லாம் அலைஞ்சு, கடைசியில கோயமுத்தூர்ல ஒரு கடையில கெடைச்சுது. எனக்குப் பின்னால ஒரு பழைய ஷட்டரத் தொங்கவிட்டிருந்தேன், தப்பிப் போற பந்துக்கு. ஆரம்பத்துல நான் தப்பவிட்டதுதான் சாஸ்தி. ஒவ்வொண்ணும் அதுல அடிச்சா தெருவே எந்திரிச்சுக்கும். எதுத்தூட்டுல ஜமக்காளம் நெய்யற ராசண்ணன் தறியில இருந்து கத்துவாரு: “ஏனப்பா சென்னியப்பா, புள்ள பந்து போடுதா, இல்ல நீ வெடியால நேரத்துல கடையத் தெறக்கறயா?”

ஒவ்வொரு பந்துக்கும் சொல்வேன். “கதவச் சாத்து, கண்ணு.” கை மேல போறப்ப ‘கதவ’, கீழ வர்றப்ப ‘சாத்து’. ஒரு தாளம் அது. அவ நல்ல புள்ளைங்க, எதுத்துப் பேசமாட்டா. சாத்துவா. “சாத்துனனாப்பா?”ம்பா. “இன்னும் கொஞ்சம்”பேன். ஊர்ல எனக்கு ‘சாத்து மேஸ்திரி’ன்னே பேராயிருச்சு. டீக்கடையில ஒருத்தன் பல்லுத் தெரியச் சிரிச்சுட்டு இருந்தா இன்னொருத்தன் சொல்லுவான், “மேஸ்திரி வர்றாரு, வாயச் சாத்துடா”ன்னு. நான் கோவிச்சுக்கல. பேருன்னு ஒண்ணு வந்தா ஒழைப்புக்கு வந்ததுதானே.

கையில நீலம் கட்டும் அவளுக்கு. முழங்கைக்குக் கீழ, உள்பக்கம். இடுப்பெலும்புலயும். கை சுத்தி வர்றப்ப இடுப்புல இடிக்கும். இடிக்கட்டும். புதுக் கதவு கொஞ்ச நாளைக்கு நெலையில ஒரசத்தாங்க செய்யும், போகப் போகச் செட்டாகிக்கும். எங்கூட்டுக்காரி வளர்மதிக்கு அது புரியாது. ஒருநா சோத்தப் போட்டுட்டு முன்னால நின்னுட்டா.

“ஏனுங்க, புள்ளைய அடிச்சீங்களான்னு ஸ்கூல் டீச்சரு கேட்டு வுட்டிருக்காங்க.”

“நீ என்ன சொன்னே?”

“நான் என்னத்தச் சொல்றது? அவங்கப்பன் அடிக்கலீங்க, அவளையே அவள அடிக்க வைக்கறாருன்னு சொல்லட்டா?”

பொம்பளைக்கு எத்தன நீளமா வாயி பாருங்க. நேரா பட்டறைக்குப் போனேன். வெல்டிங் கிளவுஸ் இருக்கும்ல, நெருப்புப் பொறி படாம இருக்க, மொத்தமான தோலு. புதுசு ஒண்ண வெட்டித் தெச்சு, முழங்கைக்குக் கீழ மாட்டிக்கறாப்ல ஒரு ஒறை பண்ணேன். ஒரு நூலு வெளிய தெரியாது. ஒலகத்துல எந்தப் புள்ளைக்கு அப்பன் அப்படிப் பண்ணித் தருவான்? அதப் போட்டுட்டுத்தான் நாலஞ்சு வருசம் பந்து போட்டா. வலிக்குதான்னா இல்லைம்பா. நீலமும் போகல, அது வேற விஷயம். ஆனா வேகம்? கோபி, சத்தி, பெருந்துறை, எங்க போனாலும் “அந்தத் தோலு மாட்டுன புள்ள வந்திருச்சு”ம்பாங்க.

அப்பறம்தான் இந்தம்மா வந்தாங்க.

ஜில்லா கேம்ப்பு. மொத நாளே எம்பொண்ணு கையில இருந்து அந்தத் தோலக் கழட்டச் சொல்லிட்டாங்க. கையத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. அப்பறம் போன எடுத்து அவ பந்து போடறத வீடியோ புடிச்சாங்க. சாயந்தரம் கூட்டிட்டு வரப் போனப்ப, “சார், ஒரு நிமிஷம் வாருங்க”ன்னாங்க. சார்! எனக்கு அப்பவே தெரியும். என்னை யாரு சார்னு கூப்புட்டாலும் அடுத்தாப்ல அடிதான் விழும்.

போன்ல படத்த மெதுவா ஓடவிட்டாங்க. எறும்பு நடக்கறாப்ல.

“இங்க நிறுத்துகேன் பாருங்க சார். பந்து கையவிட்டுப் போகப்போற நேரம். இடுப்பு எப்படி இருக்கு?”

“சாத்தியிருக்குது”ன்னேன். எனக்கு உள்ளுக்குள்ள பெருமை. கச்சிதமாச் சாத்தியிருந்துச்சு.

“சாத்தியிருக்குல்லா? அப்போ கை எங்கோடி போகும்? வழி எங்க?”

“இடிச்சுட்டுப் போகும்.”

“இடிச்சா வேகம் செத்துப்போகும் சார். இல்லைன்னா கை வெளிய சுத்திப் போகும், தோளு போயிரும். பிள்ளைக்கு இப்பவே ராத்திரி தோளு வலிக்கு, உங்ககிட்ட சொன்னாளா?”

சொல்லலீங்க. எங்கிட்டச் சொல்லாதது இவங்ககிட்டச் சொல்லியிருக்கா. ஒரே நாளு பழக்கம்.

“பந்து போற நேரத்துல இடுப்பு பாதி திறந்து இருக்கணும். கை லேசா உரசிட்டு அது பாட்டுக்குப் போகும். அதுக்கப்புறம் இடுப்பு தானா வரும். யாரும் மூட வேண்டாம்.”

நான் பொறுமையாத்தாங்க சொன்னேன். “மிஸ், நான் ஷட்டர் மேஸ்திரி. சாத்தறதப் பத்தி எனக்கு நீங்க சொல்ல வேண்டாம்”னு.

அப்ப அவங்க என் கையப் பாத்தாங்க. இதோ, எடது கை, இந்த நடுவெரலு. நுனி சப்பையா இருக்குதா? “இது என்ன ஆச்சு சார்?”ன்னாங்க.

நான் பந்தப் பத்திப் பேசறேன், அவங்க என் வெரலப் பத்திக் கேக்கறாங்க. பேச்ச மாத்தறது. சொன்னேன். சின்ன வயசுல, ஷட்டரு எறங்கறப்ப பலகைக்கும் தரைக்கும் நடுவுல மாட்டுனது. சாத்தற நேரத்துல கைய நடுவுல வுட்டா நசுங்கத்தானே செய்யும், அது கொழந்தைக்கே தெரியும், கை வெளிய வந்ததுக்கப்பறம்தான் சாத்தோணும்னு சொன்னேன்.

மிஸ் போனப் பையில வச்சுட்டாங்க. எம்பொண்ணு பக்கத்துல நின்னுட்டு இருந்தா. அவதான் என்னையே பாத்தா. ஏன் அப்படிப் பாத்தான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

நீங்களும் ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? ஷட்டரு வேற, இடுப்பு வேற. அது வேற விஷயம்ங்க.

அன்னையிலிருந்து எல்லாம் தலைகீழு. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. காத்தால எந்திரிச்சு வாளியப் போட்டு உக்காந்தா, வந்து போடுவா, ஆனா பாதி தெறந்து போடுவா. ‘சாத்து’ம்பேன். “மிஸ் வேண்டாம்னாங்கப்பா”ம்பா. அஞ்சு வருசமா வாளியில உக்காந்து முட்டி தேஞ்சவன் நானு. அவங்க ஒரு போனத் தூக்கிட்டு வந்தாங்க, அவங்க பேச்சு வேதமாயிருச்சு. நானும் வுடல. நாந் தெனமும் சாத்துன்னு சொல்ல, அவ தெனமும் வேண்டாம்னு சொல்ல, ராசண்ணன் தறிய நிறுத்திட்டு வந்து திண்ணையில நின்னு வேடிக்கை பாக்க. அந்த மனுசன் அந்த மாசம் ஒரு ஜமக்காளம் நெய்து முடிச்சிருந்தா அதிசயம்.

அப்பறம் கோயமுத்தூர்ல ஒரு மேட்சு.

அன்னைக்கு நான் உள்ளதான் இருந்தேன், வலைக்குப் பக்கத்துலயே. இந்த ஆட்டத்துல மொத்தம் ஏழு இன்னிங்ஸு. மொத ரெண்டுல எதுத்தாப்ல ஒருத்தியும் பந்தத் தொடல. தொடலைங்க. ஒத்துக்கறேன். ஆனா பாதி தெறந்தே போட்டுட்டு இருந்தா. கதவத் தெறந்து போட்டுட்டுத் தூங்குனா மொத ராத்திரி திருடன் வரமாட்டான். அதுக்காக கதவு வேண்டாம்னு ஆயிருமா? மனசு கேக்கல எனக்கு. மூணாவது இன்னிங்ஸு, கை மேல போகுது. சத்தம் போட்டேன். “கதவச் சாத்து, கண்ணு!”

சாத்துனா. அஞ்சு வருசப் பழக்கம் எங்க போகும்? கை போயி இடுப்புல மோதி, பந்து நேரா அந்தப் பேட் புடிச்ச புள்ளையோட வெலாவுல. அது சுருண்டு உக்காந்திருச்சு. அடுத்ததுக்கும் சொன்னேன். தைரியம் குடுக்கோணுமில்ல? அதுவும் வெளிய போச்சு. அப்பறம் போடறது எல்லாமே வெளிய. ஒரு பந்து சாத்தி, ஒரு பந்து தெறந்து, ஒரு பந்து ரெண்டுங்கெட்டான். எதுத்தாப்ல இருந்தவளுக பேட்டத் தோள்ல வச்சுட்டே ஒவ்வொருத்தியா நடந்து போயி பேஸுல நின்னுட்டாளுக. நாலு பந்து வெளிய போனா அடிக்காமயே போயி நிக்கலாம், இந்த ஆட்டத்துல அப்படி ஒரு சட்டம். அம்பயரு எங்கிட்ட வந்து, “பெரியவரே, தள்ளி நில்லுங்க”ன்னாரு. எனக்கு இன்னும் தலை நரைக்கக்கூட இல்ல, பெரியவராம்.

தோத்துட்டாங்க. பின்ன தோக்காம? சாத்தறதையே மறக்க வச்சுட்டா புள்ள என்ன பண்ணும்? மிஸ்ஸு மேலதான் தப்பு, வேற யாரு மேல?

அதோட சொல்லிட்டாங்க. இனிமேட்டு அப்பா கிரவுண்டுக்குள்ள வரக் கூடாது.

யாரு சொன்னதா? மிஸ்ஸுதான். அதாவது, நேருல வந்து சொல்லல. நேருல சொன்னது… சுபிதான் சொன்னா. பஸ்ஸுல வர்றப்ப. பவானி வர்ற வரைக்கும் ஜன்னலப் பாத்துட்டே வந்தா. ஆத்துப் பாலத்துல ஏறறப்ப சொன்னா, “அப்பா, நீங்க பக்கத்துல இருந்தா எனக்குக் கை வரமாட்டீங்குது. நீங்க வராதீங்கப்பா”ன்னு. அழுகல. கோவிச்சுக்கல. தண்ணி குடுங்கப்பாம்பால்ல, அப்படிச் சொன்னா.

அது மிஸ்ஸு சொல்லிக் குடுத்ததுங்க. எம்பொண்ணு வாயில தானா வர்ற வார்த்தை இல்ல அது.

மறுநா காத்தால நாம் போயி பாக்கறேன், சந்துல வாளி இருக்குது, மேல அந்தத் தோலு ஒறை. தொவைச்சுக் காயவச்சு மடிச்சு வச்சிருக்கா. தோலத் தொவைக்கலாமுங்களா? வெறச்சு ஓடாட்டம் ஆயிப்போச்சு. மரியாதையாத்தான் திருப்பிக் குடுத்திருக்கா. அந்த மரியாதைதான் எனக்குப் புடிக்கல. தூக்கி வீசியிருந்தான்னா நாலு வார்த்தை திட்டியிருப்பேன், அதோட போயிருக்கும்.

ஆறு மாசங்க. ஒரே வூடு. “அம்மா, அப்பாவச் சாப்புடச் சொல்லு.” “வளரு, அவளுக்கு பஸ்ஸுக்குக் காசு வேணுமான்னு கேளு.” நடுவுல வளர்மதி தந்திக் கம்பியாட்ட. ஒருநா அவளுக்கே சலிச்சுப் போயி, “அப்பனும் மகளும் ஒரு இடுப்புக்கு இத்தன அக்கப்போரா? எனக்குப் புள்ள பெத்த இடுப்பு, யாராச்சும் ஒருதாட்டி எப்படி இருக்குதுன்னு கேட்டீங்களா?”ன்னா. நான் படிச்ச பிசிக்ஸ்ல அது வரல.

இப்ப அவளுக்குப் பந்து புடிக்கறது அஃப்ரின்னு ஒரு புள்ள. டீமுல கேட்ச்சரு. எங்க ஊருதான், நல்ல புள்ள. சாயந்தரம் ஸ்கூல் கிரவுண்டுல ரெண்டும் பழகும். நான் போயிப் பாக்கறது இல்ல. தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒரு ஷட்டர் வேலை இருந்துச்சு, அதனால கண்ணுல பட்டுச்சு. முடிஞ்சுதுங்க அந்த வேலை, முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு.

கையில நீலம் இருக்குதான்னா கேட்டீங்க? இல்ல. சுத்தமா இல்ல. சலிச்செடுத்த மைதா மாவாட்ட இருக்குது கை. அதான் நான் சொல்றேன், ஒழைப்பு இல்ல. ஒழைச்சிருந்தா நீலம் கட்டாதா? எப்பப் போச்சுன்னா… மிஸ்ஸு வந்து ரெண்டு மூணு வாரத்துல. அது வேற விஷயம்.

வேகமா? வேகமெல்லாம் ஒண்ணும் கூடல. சத்தம் பெருசா வருது, அவ்வளவுதான். அஃப்ரினோட கிளவுஸ் புதுசு, புதுத் தோலு அப்படித்தான் சத்தம் போடும்.

காத்தால செமிபைனல நான் பாக்கலைங்க. ஸ்பிரிங்குக் கடை தெறக்கற வரைக்கும் இங்க நின்னேன், அம்புட்டுத்தான். ஆனா அஞ்சாவது இன்னிங்ஸு, ரெண்டு பேரு பேஸுல நிக்கறாளுக, எதுத்தாப்ல நல்ல ஒசரமான புள்ள. அப்ப ஒண்ணு போட்டா பாருங்க, கீழ வந்துட்டே இருந்து கடைசியில மேல எந்திரிச்சுது. அந்தப் புள்ள பேட்ட வீசி, சுத்தி, அதே எடத்துல உக்காந்திருச்சு. பாக்கல நானு. சத்தத்துலயே தெரிஞ்சுது.

பைனல்ல இதே மாதிரி போட்டா ஸ்டேட் டீமுல எடுத்துக்குவாங்க. ஸ்டேட் டீமுன்னா காலேஜுல வெளையாட்டுச் சீட்டு. ஃபீஸ் இல்ல. எங்கப்பன் எழுதப் படிக்கத் தெரியாம போயிட்டாரு. நான் ராத்திரியில படிச்சேன். எங்க குடும்பத்துல வெளிச்சத்துல காலேஜுக்குப் போற மொத ஆளு அவதான். அந்த மேட்சுல போயி பாதி தெறந்து போடறான்னா பெத்த மனசு எப்படிங்க இருக்கும்? நாஞ் சொல்றது அவளுக்காகத்தானே. இந்த மிஸ்ஸுக்கு என்ன, அடுத்த வருசம் வேற ஊரு, வேற டீமு. கதவு சரியாச் சாத்தலைன்னு நாளைக்குக் கடைக்காரன் மாட்டுனவனத்தானே வந்து கேப்பான்?

இருங்க. என்னமோ சத்தம் போடுதுக.

அய்யய்யோ. அஃப்ரினுங்க. கைய ஒதறுது பாருங்க. கட்டைவெரலு. பந்து நுனியில பட்டிருக்கும். ஐஸ் கொண்டாங்க, ஐஸ். தண்ணியில வுடாதீங்க! எங்க கேக்குது அதுகளுக்கு. ஆமாங்க, எம்பொண்ணு போட்ட பந்துதான். இல்லீங்க, வேகத்துனால இல்ல. அந்தப் புள்ள கவனிச்சிருக்காது.

இன்னொரு கேட்ச்சரு இருக்குது, அதோ மொழங்காலுக்குக் காப்பு மாட்டிட்டு இருக்குதே, பொடிசு. மேட்சுல அதுதான் புடிக்கோணும் இனி. அதுவே பயந்து போயி நிக்குது. மேட்சுக்கு முன்னால இவளுக்குக் கை சூடாகோணுமே, யாரு புடிப்பாங்க? மிஸ்ஸு புடிக்கறாங்க போல. ஒண்ணு. ரெண்டு. பாத்தீங்களா, மிஸ்ஸே கிளவுஸக் கழட்டிக் கைய ஊதறாங்க. அம்பயரு வேற அவங்கள டாஸுக்குக் கூப்புடறாரு.

இங்கதான் வர்றா.

எதுக்கு வர்றா? தண்ணிக்கா இருக்கும். நீங்க பாட்டுக்கு உக்காருங்க. பாக்காத மாதிரி இருங்க.

என்ன கண்ணு?

இப்பத்தான் வந்தேன். ஸ்பிரிங்கு வாங்க.

காத்தாலயிருந்தா? யாரு சொன்னா காத்தாலயிருந்து நிக்கறேன்னு? கட்டம் போட்ட சட்டை ஊர்ல ஆயிரம் பேரு போடறான்.

…மொத பந்துலயிருந்தே பாத்தயா? நான் நிக்கறது தெரிஞ்சா போட்டே அத்தனையும்?

சரி. இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. சேலத்துல தூசி சாஸ்தி.

நானா? உள்ளயா? மிஸ்ஸு ஒண்ணும்… மிஸ்ஸே சொன்னாங்களா? நீ கேட்டயா? நீயா கேட்டே?

ஸ்பிரிங்கு வாங்க வந்தவங்கிட்ட கிளவுஸ் எப்படி இருக்கும் கண்ணு?

இருக்குது.

சொல்லமாட்டேன். ஒரு வார்த்தை வராது. ஆமா, அந்த வார்த்தையும் வராது. நீ எப்படி வேணா போடு. தெறந்தே போடு, நான் வாயத் தெறக்கல. போ, வர்றேன். கைய ஆற வுடாத, போ.

டிரைவரே, ஒரு நிமிசம் இந்தப் பையப் புடிங்க. போசியா? போசியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க உள்ள. இந்தக் கிளவுஸ்தான். அப்பறம் அந்தத் தோலு. ஆமாங்க, அதே தோலுதான், தேங்கா எண்ணெய் போட்டுப் போட்டு எளக்கி வச்சிருக்கறேன். இத மடிச்சு கிளவுசுக்குள்ள, உள்ளங்கையில வச்சுக்கறேன், இருங்க. இந்தச் சப்பை வெரலுக்கும் சேத்து.

அதெல்லாம் இல்லீங்க. சும்மாதான். என் கிளவுஸ் பழசு.

மிஸ்ஸு கையக் காட்டறாங்க. வந்துட்டேங்க மிஸ்! கேட்டு எந்தப் பக்கம்? இந்தப் பக்கமா?

அங்க பாருங்க டிரைவரே, தண்ணி வாளியக் கொட்டிட்டுக் கவுத்துப் போடறா. என் ஒசரத்துக்கு, கோட்டுக்கு நேரா. தள்ளித் தள்ளிப் பாத்து வைக்கறா பாருங்க.

வந்துட்டேன் கண்ணு!